எந்த வரைபடம், எந்தத் தேடுபொறி? அரசியல் சார்பை வைத்து ஓர் ஒப்பீடு

2025 பிப்ரவரி 10 முதல் கூகுள் மேப்ஸில் ஒரே கடல்பரப்பு ஆளுக்கொரு பெயரில் தெரிகிறது. அமெரிக்காவில் இருந்து பார்ப்பவருக்கு அது 'அமெரிக்க வளைகுடா'. மெக்சிகோவில் இருப்பவருக்குப் பழையபடி 'மெக்சிகோ வளைகுடா'. மற்ற நாட்டுக்காரர்களுக்கு இரண்டு பெயரும் சேர்ந்து வரும். ஜனவரி 20-ல் அதிபர் ட்ரம்ப் கையெழுத்திட்ட ஆணையும், அதையொட்டி அமெரிக்க அரசின் இடப்பெயர்ப் பதிவேடு திருத்தப்பட்டதும்தான் இதற்குக் காரணம். அரசுப் பதிவேடு மாறினால் நாங்களும் மாற்றுவது நீண்டகால வழக்கம் என்று கூகுள் சொன்னது. ஆப்பிளும் மைக்ரோசாஃப்ட்டின் பிங்கும் பின்னாலேயே மாற்றின. மே மாதம் மெக்சிகோ அதிபர் கிளாடியா ஷெயின்பாம், கூகுள் மீது வழக்குத் தொடுத்திருப்பதாக அறிவித்தார்.

இப்படி ஏதாவது நடக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: சார்பே இல்லாத வரைபடம் எது, சார்பே இல்லாத தேடுபொறி எது, அதற்கு மாறிவிடலாமா? கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த அளவுகோலோடு கிளம்பினால் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டு நாடுகள் உரிமை கோரும் நிலத்தில் கோடு எங்காவது விழுந்தாக வேண்டும். கோடு போடாமல் விட்டாலும் அது ஒரு முடிவுதான். தேடல் முடிவுகளிலும் ஏதோ ஒரு செய்தித்தளம் முதலில் வந்தாக வேண்டும்.

அதனால் நான் பார்ப்பது மூன்று விஷயங்களை. அந்த முடிவுக்கான விதி வெளியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? எல்லோருக்கும் ஒரே படம் தெரிகிறதா, இல்லை ஆளுக்கொரு படமா? அதை மாற்றவைக்கும் பலம் யாரிடம் இருக்கிறது? இவற்றை வைத்து உரசிப் பார்த்தால் சேவைகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் தெரிகிறது.

கூகுள், ஆப்பிள், யாண்டெக்ஸ்: பார்ப்பவருக்கு ஏற்ற எல்லை

பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும், நீங்கள் எந்த நாட்டில் இருந்து பார்க்கிறீர்களோ அந்த நாட்டுச் சட்டம் கேட்பதைக் காட்டிவிடுகின்றன. காஷ்மீரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இருந்து கூகுள் மேப்ஸைத் திறந்தால் அந்தப் பகுதி முழுவதும் இந்திய எல்லைக்குள், தொடர்கோட்டால் சூழப்பட்டிருக்கும். வேறு நாட்டில் இருந்து திறந்தால் அங்கே புள்ளிக்கோடுகள். அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடத்தோடு ஒத்துப்போகாத வரைபடத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்று 1961-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் ஒன்றில் 1990-ல் பிரிவு சேர்க்கப்பட்டது. அங்கே தொழில் நடத்தும் நிறுவனம் வேறென்ன செய்யும்? சீனாவில் இன்னும் கடுமை. வரைபடச் சேவை நடத்த அரசின் அனுமதி வேண்டும். இருப்பிடப் புள்ளிகளையே சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும் அரசின் முறையைப் பின்பற்றவும் வேண்டும்.

ரஷ்யா கொடுத்த நெருக்கடிக்குப் பிறகு, 2019 நவம்பரில் ஆப்பிள் மேப்ஸ் ரஷ்யாவுக்குள் இருந்து பார்ப்பவர்களுக்கு, 2014-ல் உக்ரைனிடம் இருந்து ரஷ்யா கைப்பற்றிய கிரிமியாவை ரஷ்யப் பகுதியாகக் காட்டத் தொடங்கியது. ரஷ்யாவின் தேடுபொறி நிறுவனமான யாண்டெக்ஸ் அதற்கு முன்பே, 2014-லேயே, தன் வரைபடத்தின் ரஷ்யப் பதிப்பில் ஒரு மாதிரியும் உக்ரைன் பதிப்பில் வேறு மாதிரியும் காட்டியது. 2022 ஜூனில் அது நாட்டு எல்லைகளையே வரைபடத்தில் இருந்து எடுத்துவிட்டது. கோடு இல்லாவிட்டால் சண்டையும் இல்லை என்று தோன்றலாம். ஆனால் உக்ரைன் மீது ரஷ்யாவின் படையெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போது எல்லையை அழித்தால் அது படையெடுத்தவருக்குத்தான் வசதி. நடுநிலை என்று சொல்லிச் செய்யப்படும் எல்லாமும் நடுநிலை ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உள்ளூர்ச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதற்காக இந்த நிறுவனங்களை நான் திட்ட மாட்டேன். அந்த ஊரில் அவர்களுக்கு ஊழியர்கள் இருக்கிறார்கள், வழக்கும் சிறையும் அந்த ஊழியர்கள் தலையில்தான் விழும். என் குறை வேறு. பக்கத்து நாட்டுக்காரருக்கு இந்தக் கோடு வேறு இடத்தில் தெரிகிறது என்று படத்தில் ஒரு சிறு குறிப்புகூட இல்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு போனைக் காட்டி வாதாடும்போது, இருவர் கையிலும் 'ஆதாரம்' இருக்கிறது. ஒரே வரைபடத்தைத்தான் பார்க்கிறோம் என்று இருவருமே நம்புகிறார்கள்.

வரைபடத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2010-ல் நடந்தது ஒன்று போதும். நிகரகுவா, கோஸ்டா ரிகா எல்லையில் சான் யுவான் ஆற்றைத் தூர்வாரும் நிகரகுவாவின் பணிக்குத் தலைமை ஏற்றிருந்தவர் எடென் பஸ்தோரா. கோஸ்டா ரிகா தன்னுடையது என்று சொன்ன காலெரோ தீவுப் பகுதிக்குள் நிகரகுவாப் படையினர் இருந்ததற்கு அவர் காட்டிய நியாயங்களில் ஒன்று கூகுள் மேப்ஸ். கூகுள் அதன்பின் எல்லைக்கோட்டில் 2.7 கிலோமீட்டர் வரை பிழை இருப்பதாக ஒப்புக்கொண்டு திருத்தியது. விவகாரம் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், 2015 டிசம்பரில்தான் அந்த நிலம் கோஸ்டா ரிகாவுக்கு உரியது என்று தீர்ப்பு வந்தது. தகராறுக்கு வரைபடம் மட்டும் காரணம் இல்லை, வேர் பழையது. ஆனாலும் வணிக நிறுவனத்தின் கோடு ஒன்று அரசுத் தரப்பின் வாதமாகவே மாறியது.

எல்லைக்கோட்டைவிட அமைதியாக நடக்கும் சார்பும் உண்டு. ரியோ டி ஜெனிரோவில் குடிசைப் பகுதிகள் வரைபடத்தில் பெரிதாகத் தெரிகின்றன என்று நகர நிர்வாகம் முறையிட்ட பிறகு, கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதிகளின் பெயர்களில் இருந்து 'ஃபவேலா' என்ற சொல் பெருமளவு காணாமல் போனது. எந்த நாட்டோடும் சண்டை இல்லை. ஏழைகள் வாழும் இடம் கண்ணில் இருந்து சற்று விலக்கப்பட்டது, அவ்வளவுதான். இதற்கெல்லாம் யாரும் வழக்குப் போடுவதில்லை என்பதால்தான் இது என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்: விதி எழுதப்பட்டிருக்கிறது, சண்டையும் வெளியே நடக்கிறது

2004-ல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் உலக வரைபடம். இதில் தகராறுக்கு ஒரு விதி உண்டு: தரையில் உண்மையில் என்ன நிலவரமோ அதை வரை. யாருடைய கட்டுப்பாட்டில் நிலம் இருக்கிறது, அங்கே பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது, அதுதான் கணக்கு. யாருக்கு உரிமை என்பதற்குள் போகாதே. சைப்ரஸில் கிரேக்கத் தரப்பும் துருக்கியத் தரப்பும் ஒருவர் வரைந்ததை ஒருவர் அழித்துக்கொண்டிருந்த காலத்தில் உறுதிப்பட்ட விதி இது.

இந்த விதியும் நடுநிலை இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் பக்கம் சாய்கிற விதி இது. நிலத்தைப் பறிகொடுத்தவருக்கு இந்த வரைபடத்தில் ஆறுதல் கிடைக்காது. கிரிமியா விவகாரத்தில் இந்த விதியே தடுமாறியது. 2014-ல் அந்தத் தீபகற்பத்தை இரு நாடுகளின் எல்லைக்குள்ளும் வைத்துக்கொள்ளலாம் என்று தற்காலிகமாக விட்டார்கள். 2018 நவம்பரில், தகராறுகளைக் கவனிக்கும் தரவுப் பணிக்குழு, விதிப்படி அது ரஷ்யாவின் கட்டுப்பாட்டில் இருப்பதாகத்தான் காட்டப்பட வேண்டும் என்று முடிவெடுத்தது. உக்ரைன் தரப்பில் கடும் எதிர்ப்பு. டிசம்பரில், திட்டத்தை நடத்தும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையின் இயக்குநர் குழு அந்த முடிவை ரத்து செய்து, 2014 ஏற்பாட்டையே தொடரச் சொன்னது.

அதாவது எழுதி வைத்த விதியையும் அழுத்தம் அசைத்துவிட்டது. அப்படியிருந்தும் நான் ஏன் இதற்கு அதிக மதிப்பெண் போடுகிறேன் என்றால், மேலே சொன்ன ஒவ்வொரு படியும் பொதுவில் நடந்தது. யார் முடிவெடுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள், யார் எதிர்த்தார்கள், எல்லாவற்றையும் இன்றைக்கும் தேடிப் படிக்கலாம். எந்தக் கோட்டைத் தொட்டாலும், எந்தக் கணக்கில் இருந்து எப்போது திருத்தப்பட்டது என்ற வரலாறு இருக்கிறது. கூகுள் ஒரு கோட்டை நகர்த்தினால், பெரும்பாலும் யாராவது பழைய படத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தால்தான் உண்டு.

பெயர் விஷயத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு இன்னொரு வசதி உண்டு. ஒரே இடத்துக்கு ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பெயர் பதியலாம். கொரிய மொழியில் 'கிழக்குக் கடல்', ஜப்பானிய மொழியில் 'ஜப்பான் கடல்' என்று ஒரே கடல் இரண்டு பெயரோடு இருப்பதில் அங்கே சிக்கல் இல்லை. எந்த மொழிப் பெயர் காட்டப்படுகிறது என்று நமக்கும் தெரியும்.

குறைகள்? தன்னார்வலர்கள் நிறைய இருக்கும் இடத்தில் படம் நுணுக்கமாக இருக்கும், இல்லாத இடத்தில் தெருவே இருக்காது. ஐரோப்பிய நகரங்களில் மரம் மரமாகப் பதிந்திருப்பார்கள். நைரோபியின் கிபேரா குடியிருப்பு 2009 வரை வரைபடங்களில் கிட்டத்தட்ட வெற்றிடம். அந்த ஆண்டு அங்கிருந்த இளைஞர்களே இறங்கி, தெருக்களையும் தண்ணீர்க் குழாய்களையும் கழிவறைகளையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிந்தார்கள். ரியோவில் ஒரு சொல்லை மறைக்க நகர நிர்வாகம் கேட்டதையும், கிபேராவில் குடியிருப்பவர்களே தங்கள் இடத்தை வரைந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றவைக்கும் பலம் யாரிடம் இருக்கிறது என்று நான் கேட்டதன் அர்த்தம் அதுதான்.

விஷமிகளும் இங்கே நுழைவார்கள். 2018 ஆகஸ்டில் ஒருவர் நியூயார்க்கின் பெயரை யூத வெறுப்புச் சொல்லாக மாற்றினார். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அது சீக்கிரமே சரிசெய்யப்பட்டது. ஆனால் அந்தத் தரவை எடுத்துப் பயன்படுத்தும் மேப்பாக்ஸ் நிறுவனம் வழியாக, ஸ்னாப்சாட் போன்ற செயலிகளில் பிறகு வெளிப்பட்டது.

தேடுபொறி: பெயர்கள் பல, கிடங்குகள் சில

தேடலில் சார்பைப் பிடிப்பது வரைபடத்தைவிடக் கடினம். கோடு எங்கே இருக்கிறது என்று கைகாட்டலாம், வரிசையில் ஒரு தளம் ஏன் கீழே போனது என்று காட்ட முடியாது. அதனால் சந்தேகம் எளிதில் தீப்பிடிக்கும். 2024 நவம்பர் 5, அமெரிக்கத் தேர்தல் நாள். 'ஹாரிஸுக்கு எங்கே வாக்களிப்பது' என்று தேடினால் கூகுள் வாக்குச்சாவடி காட்டும் வரைபடப் பெட்டியைக் காட்டியது. 'ட்ரம்ப்புக்கு எங்கே வாக்களிப்பது' என்றால் காட்டவில்லை. சில மணி நேரத்தில் அது பெரிய குற்றச்சாட்டாக வெடித்தது. விஷயம் என்னவென்றால், டெக்சாஸில் ஹாரிஸ் என்றே ஒரு கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) இருக்கிறது. நிரல் அதை இடப்பெயராக எடுத்துக்கொண்டது. ட்ரம்ப்பின் துணை அதிபர் வேட்பாளர் வான்ஸ் பெயரிலும் ஒரு கவுண்டி இருப்பதால் அவர் பெயருக்கும் பெட்டி வந்தது. கூகுள் விளக்கம் சொல்லித் திருத்தியது.

இதில் சதி இல்லை. ஆனால் இந்த விளக்கத்தைக் கூகுள் மட்டுமே தர முடிந்தது, நாம் அதை நம்ப வேண்டியிருந்தது. பயம் ஆதாரமற்றதும் இல்லை. ராபர்ட் எப்ஸ்டைனும் ரொனால்ட் ராபர்ட்சனும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுமென்றே ஒரு வேட்பாளர் பக்கம் சாய்த்த போலித் தேடுபொறியைக் காட்டியபோது, முடிவெடுக்காத வாக்காளர்களின் விருப்பம் 20 சதவீதமோ அதற்கு மேலோ நகர்ந்தது. 2014 இந்திய மக்களவைத் தேர்தல் நேரத்திலும் அந்தச் சோதனை நடந்தது. கவனிக்க வேண்டியது, அப்படிச் செய்ய முடியும் என்றுதான் அந்த ஆய்வு காட்டுகிறது. கூகுள் அப்படிச் செய்தது என்று காட்டவில்லை. ராபர்ட்சனும் சக ஆய்வாளர்களும் 2023-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, கூகுள் காட்டியதைவிட அதிகக் கட்சிச்சாய்வுள்ள தளங்களை மக்கள் தாங்களாகவே தேடிப் போகிறார்கள் என்றது. சாய்வில் பாதி, நாம் தட்டச்சு செய்யும் கேள்வியிலேயே இருக்கிறது என்பது என் அனுமானம்.

சரி, கூகுளை விட்டு வேறெங்கே போவது? இங்கேதான் பலர் தவறான கணக்குப் போடுகிறார்கள். தேடுபொறியின் பெயர் எதுவாகவும் இருக்கலாம். அதற்குப் பின்னால் இணையப் பக்கங்களைத் திரட்டி வைத்திருக்கும் இன்டெக்ஸ் யாருடையது என்பதுதான் முக்கியம். கூகுள், பிங், யாண்டெக்ஸ், சீனாவின் பைடு ஆகியவை சொந்தமாகப் பெரிய இன்டெக்ஸ் வைத்திருக்கின்றன. டக்டக்கோவின் இணைப்புகள் பெரும்பாலும் பிங்கிடம் இருந்து வருகின்றன. ஸ்டார்ட்பேஜ் கூகுளின் முடிவுகளை வாங்கித் தருகிறது. 2021 ஜூன் 4 அன்று, தியானன்மென் படுகொலையின் ஆண்டு நாளில், பீரங்கி வண்டிகள் முன்னால் தனியே நின்ற அந்த மனிதரின் படத்தைப் பிங்கில் தேடியவர்களுக்கு சீனாவுக்கு வெளியிலும் எதுவும் கிடைக்கவில்லை. தற்செயலான மனிதப் பிழை என்றது மைக்ரோசாஃப்ட். அதே நேரத்தில் டக்டக்கோவிலும் அந்தப் படம் வரவில்லை. 2024 மே 23-ல் பிங் முடங்கியபோது டக்டக்கோவும் எக்கோசியா என்ற தேடுபொறியும் சேர்ந்தே முடங்கின.

ஆகவே பிங்கில் பார்த்துவிட்டு டக்டக்கோவில் சரிபார்த்தேன் என்றால், ஒருவரிடமே இரண்டு முறை கேட்டதாகத்தான் அர்த்தம். பின்தொடரப்படாமல் இருக்க டக்டக்கோ நல்ல தேர்வு, அதில் எனக்கு மறுப்பில்லை. அரசியல் சார்புக்கு மருந்தாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ரஷ்யப் பொய்ப்பிரசாரத் தளங்களை வரிசையில் கீழே இறக்குகிறோம் என்று 2022 மார்ச்சில் அதன் தலைவர் கேப்ரியல் வைன்பெர்க் அறிவித்தபோது, நடுநிலையை நம்பி வந்த பயனர்கள் கொதித்தார்கள். முடிவு சரியா தவறா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அறிவித்துவிட்டுச் செய்ததை நான் பாராட்டுகிறேன்.

பிங்கைப் பற்றி இன்னொரு உறுத்தல். கனடாவின் சிட்டிசன் லேப் ஆய்வகம் 2022-ல், சீனத் தலைவர்கள், அதிருப்தியாளர்கள் போன்றோரின் பெயர்கள் பிங்கின் தட்டச்சுப் பரிந்துரைகளில் வட அமெரிக்காவிலும் தடுக்கப்படுவதாகக் காட்டியது. ஒரு நாட்டுக்காகப் போட்ட வடிகட்டி எல்லை தாண்டிக் கசிகிறது. யாண்டெக்ஸும் பைடுவும் தங்கள் நாட்டு அரசியலைத் தேட உதவாது. ஆனால் அங்குள்ள மக்களுக்கு என்ன காட்டப்படுகிறது என்று தெரிந்துகொள்ள அவற்றைவிட நல்ல இடமும் இல்லை.

இரண்டாவது கருத்து கேட்க வேண்டுமென்றால் நான் போவது பிரேவ் தேடலுக்கு. 2021-ல் தொடங்கி, 2023-ல் பிங்கைச் சார்ந்திருப்பதை விட்டுவிட்டுச் சொந்த இன்டெக்ஸில் நிற்கிறது. அதில் 'காகிள்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது: எந்தத் தளங்களை மேலே ஏற்றுவது, எவற்றை இறக்குவது என்ற விதியை யாரும் எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திறந்து படித்துவிட்டுப் பயன்படுத்தலாம். இடதுசாரிச் செய்திகளுக்கு ஒன்று, வலதுசாரிச் செய்திகளுக்கு ஒன்று என்றுகூட இருக்கின்றன. சார்பு போகவில்லை, ஆனால் அதன் விதி நம் கண்முன்னே இருக்கிறது. பிரிட்டனின் மோஜீக்கும் சொந்த இன்டெக்ஸ் கொண்டது. சந்தா கட்டினால் காகி, ஒவ்வொரு தளத்தையும் உயர்த்தவோ தாழ்த்தவோ விலக்கவோ விடுகிறது. சொந்த இன்டெக்ஸ் வைத்திருக்கும் சிறியவற்றின் பலவீனம் ஒன்றுதான்: கூகுளை ஒப்பிட்டால் திரட்டு மிகச் சிறியது. ஆங்கிலம் அல்லாத மொழிகளிலும் சின்னச் சின்ன உள்ளூர் விவகாரங்களிலும் இது உடனே தெரியும்.

யார் எதை எடுப்பது

வழி காட்டவும் போக்குவரத்து நெரிசல் பார்க்கவும் கூகுளோ ஆப்பிளோ இருக்கட்டும். அதில் அரசியலைக் கலந்து அவதிப்படத் தேவையில்லை. தகராறில் உள்ள நிலம், மாறிய பெயர், போர் நடக்கும் இடம் என்று வந்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையும் திறந்து வையுங்கள். இணைய இணைப்பு இல்லாமலும் போனில் வேண்டுமென்றால், அதே தரவில் ஓடும் ஆர்கானிக் மேப்ஸ் இருக்கிறது.

தேடலுக்கு ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்றால் கூகுளிலேயே நில்லுங்கள் என்பேன். அகலமான திரட்டுக்கு இன்னும் மாற்று இல்லை. தேர்தல், கலவரம், போர் பற்றித் தேடும்போது மட்டும் பிரேவ் அல்லது மோஜீக்கிலும் ஒரு முறை போடுங்கள். இரண்டிலும் முதல் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் வரிசையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வெகுவாக வேறுபட்டால் ஒவ்வொரு இணைப்பையும் யார் நடத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு நம்புங்கள். கேள்வியையும் இரண்டு விதமாகக் கேளுங்கள். 'இன்னார் செய்த ஊழல்' என்று தேடினால் ஊழல்தான் வரும், 'இன்னார் மீதான வழக்கு, தீர்ப்பு' என்று தேடினால் வேறு பக்கங்கள் வரும். தட்டச்சுப் பரிந்துரைகளை அணைத்துவிடுவது நல்லது. 2024 ஜூலையில் ட்ரம்ப் மீதான கொலை முயற்சி பற்றி அவை எதுவும் காட்டாததை மறைப்பு என்று பலர் குற்றம் சாட்டினார்கள். அரசியல் வன்முறை சார்ந்த பரிந்துரைகளைத் தடுக்கும் பாதுகாப்பு விதிதான் காரணம் என்றது கூகுள். பரிந்துரையில் ஒன்று இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

வரைபடத்தை வெளியிடுகிறவர்களுக்கு, அதாவது செய்தித்தளம், பாடப்பக்கம், அமைப்பின் அறிக்கை போன்றவற்றைத் தயாரிப்பவர்களுக்கு, பொறுப்பு கூடுதல். கூகுள் மேப்ஸை அப்படியே பதித்தால், உங்கள் வாசகர்கள் ஆளுக்கொரு எல்லையைப் பார்ப்பார்கள், உங்களுக்கு அது தெரியவே தெரியாது. மேப்பாக்ஸில் இந்தியா, சீனா, ஜப்பான், அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் எந்த நாட்டுப் பார்வையைக் காட்டுவது என்று நீங்களே குறிக்கலாம். எல்லோருக்கும் பொதுவுடைமையாகக் கிடைக்கும் நேச்சுரல் எர்த் தரவு, இயல்பாகத் தரை நிலவரத்தைக் காட்டுகிறது. பல நாடுகளின் பார்வைக்குத் தனித்தனிக் கோப்புகளும் தருகிறது. என் தேர்வு நேச்சுரல் எர்த்தை வைத்து வரைந்த, அசையாத படம். உங்கள் நாட்டுச் சட்டம் குறிப்பிட்ட எல்லையைக் கேட்டால் அதையே போடுங்கள், அபாயத்தை ஏற்கச் சொல்லும் உரிமை எனக்கில்லை. எப்படியானாலும் படத்தின் கீழே ஒரு வரி எழுதுங்கள்: தரவு எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது, எல்லை யாருடைய நிலைப்பாட்டின்படி, எந்தப் பகுதி தகராறில் இருக்கிறது.